வியாழன், மூன்று பத்து

வியாழன் விடிகாலை மூன்று பத்துக்கு
ஆட்டம் விழும்.
நாலு மாதமாக, தவறாமல்.

படம் கிடையாது இந்த ஆட்டத்தில். எழுத்து மட்டும்.
"நீ சந்தையில் நிற்கிறாய், வடக்கே வாசல்" என்று வரும்.
"வடக்கு" என்று அடித்தால் நடக்கலாம்.
"முறை" என்று அடித்தால் முறைக்கலாம்.
கிளாங், மானிப்பாய், ஸ்கார்பரோ என்று
எங்கெங்கோ இருந்து முப்பது பேர்.
நிரல் யாருக்கும் சொந்தமில்லை,
அதனால் விழுந்தால் தூக்குவது நான்.

முதலில் மில்லைத்தான் சந்தேகப்பட்டேன்.
புதுவயலில் மூன்று மணிக்கு மேல்
நெல் அவிக்கக் கொதிகலன் ஏற்றுவார்கள்.
மோட்டார் உறுமியதும் எங்கள் தெருவில்
டியூப் லைட் ஒருமுறை கண் சிமிட்டும்.
பகலில் அதே மில்லில் பில் போடுகிறேன்.
மூட்டை ஒன்று குறைந்தால்
யாரைக் கேட்பதென்று அங்கே தெரியும்.

காரைக்குடி செக்காலை ரோட்டுக்குப் போய்
யுபிஎஸ் வாங்கி வந்தேன், ஏழாயிரத்து நானூறு.
அடுத்த வியாழன் திரை அசையவே இல்லை.
ஆட்டம் விழுந்தது.

நாற்பதாயிரம் வரி.
எழுதியவருக்கு உள்ளே ஆறுவிரல் என்று பெயர்.
இப்போது எங்கே, தெரியாது.
அவர் விட்டுப்போன குறிப்புகள்:
"இது ஏன் ஓடுகிறது என்று புரியவில்லை."
"தற்காலிகம்." பன்னிரண்டு வருடத் தற்காலிகம்.
"இங்கே கை வைக்காதே."
வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

மானிப்பாயிலிருந்து கஜரூபன் ஒரு திருத்தம் அனுப்பினான்,
விழுந்தால் தானாக எழுந்துகொள்ள.
வேண்டாம் என்றேன்.
ஏன் விழுகிறோம் என்று தெரியாமல்
எழுந்துகொண்டே இருப்பது எனக்குச் சரிப்படாது.
இரண்டு நாள் பேசவில்லை அவன்.
மூன்றாம் நாள் பதிவுகள் மொத்தத்தையும் அனுப்பி
ஒரு வரி எழுதியிருந்தான்:
சாகும்போதெல்லாம் கடைசி வார்த்தை கருவாடு.

சந்தைச் சாமானெல்லாம் ஒரு வரிசை,
ஒன்றின் கையை அடுத்தது பிடித்தபடி.
வாரம் ஒருமுறை ஆட்டம் அதன் வழியே நடந்துபோய்
கெட்டுப்போனதை அழிக்கும்.
அழித்துவிட்டு
அழித்ததிடமே கேட்கும்,
உனக்கு அடுத்து யார்?

இத்தனை வருடம் அது பழைய ஞாபகத்தில்
சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தது.
நாலு மாதம் முன்பு
சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று
செத்த இடத்தையெல்லாம் உடனுக்குடன் வெள்ளையடிக்கவைத்தது
நான்தான்.

மூன்று வரி எழுதினேன்.
முதலில் கேள், பிறகு அழி.
கஜரூபன் படித்துப் பார்த்து "ம்" என்றான்.
அவனிடம் அது பெரிய சொல்.

வியாழன் வந்தது. கருவாடு அழுகியது.
ஒன்றும் விழவில்லை.
ஐந்து வியாழன் இப்படி.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை,
விழாததற்கு யார் நன்றி சொல்வார்கள்.

ஆறாவது வாரம் ஒற்றைச்செருப்பு கேட்டாள்,
"இப்பெல்லாம் விழுறதே இல்லையா?"
இல்லை என்றேன், கொஞ்சம் கெத்தாக.
"விழுந்தா எல்லாரும் ஒரே நேரம்
வாசல்ல வந்து நிப்போம்.
யார் யார் இருக்காங்கன்னு தெரியும்.
இப்ப அவங்கவங்க பாட்டுக்கு இருக்கோம்."
பதில் அடித்தேன், அழித்தேன், அடித்தேன்.
அனுப்பவில்லை.

அந்த வியாழன் மூன்று பத்துக்கு
தலைமாட்டில் போன் அதிர்ந்தது.
பதினேழு பேர் ஒரே நிமிடத்தில் வெளியே.
லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடினேன்.
நிரல் ஓடிக்கொண்டிருந்தது.
பதிவில், கையால் அடித்த கட்டளைகள் வரிசையாக:
பனங்காடை வெளியேறினான்.
ஒற்றைச்செருப்பு வெளியேறினாள்.
கஜரூபனும்.

மூன்று பன்னிரண்டுக்கு
ஒவ்வொருவராக வாசலில் வந்து நின்றார்கள்.
ஜன்னலில் நெல் அவியும் வாடை.
நானும் உள்ளே போய்
"முறை" என்று அடித்தேன்.

பதினேழு பேரும் திருப்பி முறைத்தார்கள்.