கூட்டல் கழித்தல் ஒன்று

திருநெல்வேலியில் மலை இல்லை.
பரமேஸ்வராச் சந்தியில் நின்று அண்ணாந்தால்
உயரமென்று சொல்ல ஒரு தண்ணீர்த் தாங்கி.

ஆனாலும் மாதத்தின் முதற் செவ்வாயில்
கண்டி பஸ்ஸின் வயிற்றிலிருந்து
மலைக்காடு இறங்கும்:
நாற்பத்தெட்டுத் துணிப்பைகள்,
வலைப்பொறியில் ஒரு மாதம் விழுந்ததெல்லாம்.
எண் எழுதுபவர் விமலசூரிய.
அவருடைய ஏழு எனக்கு ஒன்றாகத் தெரியும்.
தொலைபேசியில் கேட்டால்
"ஏழுதான் மிஸ். கை விறைச்சது" என்பார்.

அறுபது பாகையில், இரண்டு நாள் உலர்த்தி.
அறை முழுக்கப் பாசி மணக்கும்.
"என்ன அவிக்கிறீங்கள்?" என்று
பக்கத்து ஆய்வுகூடத்து நிரோஜன் எட்டிப்பார்ப்பான்.
காட்டை, என்பேன்.

பிறகு எண்ணுவது.
பைன் நெருங்கி நின்ற இடத்தில்
ஊசி, ஊசி, ஊசி.
மூன்று வரிசை வெட்டிய இடத்தில்
மலைநாவல் பதினேழு,
பறவை எச்சத்தில் ஒட்டிய பெயர் தெரியாத நான்கு,
காய்ந்து நூலாகிப்போன ஓர் அட்டை
(அதற்கு அட்டவணையில் நிரல் இல்லை).
ஐந்து வரிசை வெட்டிய இடத்தில்
மானாப்புல். வேறொன்றுமில்லை.

"உனக்கேன் மலை?" என்பாள் அண்ணி.
அங்கே பெய்கிற மழையில் ஒரு சொட்டும்
எங்கள் கிணற்றுக்கு வராது.
இங்கே பெய்ததைத்தான்
சுண்ணக்கல் ஒளித்து வைத்துத் தருகிறது.
அவளுக்குச் சொல்ல என்னிடம் மறுமொழி இல்லை.

ஆவணியில், இருபத்தோராம் பையில்
ஒரு நாவல் முளைத்தே வந்துவிட்டது.
உலர்த்தி நிறுக்க வேண்டும், அதுதான் முறை.
தயிர்க் கோப்பையில் நட்டேன்.
கிணற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை;
மூன்றாம் கிழமை நரம்பு தவிர எல்லாம் மஞ்சள்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
பதினேழில் ஒன்று நிறுக்கப்படவில்லை.
காரணம் எழுதவில்லை.

வனத் திணைக்களம் ஓர் எண் கேட்டது.
எத்தனை வரிசை, வெள்ளிக்கிழமைக்குள்.
மூன்று என்று தட்டினேன்.
பக்கத்தில், கூட்டல் கழித்தல் ஒன்று.
ஒன்று என்றால் ஒரு வரிசை.
ஒரு வரிசையில் அறுபது மரம்.
அறிக்கையைச் சுருக்குபவர்
முதலில் வெட்டப்போவது அந்த ஒன்றைத்தான்,
தெரியும்.
இருந்தும் அதைத் தடித்த எழுத்தாக்கினேன்.
கரண்ட் போய் வந்தது.

இரவு விமலசூரிய எடுத்தார்.
"மூன்று சரி மிஸ்.
எந்தப் பக்கத்திலிருந்து வெட்டுறது?"

மூன்று வருடம், ஆயிரத்து எழுநூறு பைகள்.
எந்தப் பக்கம் என்று ஒன்றிலும் எழுதியிருக்கவில்லை.

"அங்கே காற்று
எங்கிருந்து வருது?" என்று கேட்டேன்.
"பொறுங்க" என்றவர்
கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.