கதவு எண்

கீழக்கரையில் மூன்று மாடி,
பனைக்குளத்தில் பள்ளிக்கூடம்.
ஊர்ச் சுவருக்கெல்லாம் பெயின்ட் அடிப்பவர்
டப்பாவின் அடியில் மிஞ்சியதை வழித்து வந்து
எங்கள் பத்துக்குப் பத்தில் பூசினார்.
ஆறு நிறம், ஒரே சுவர்.

குறுக்கே ஒரு சேலை கட்டி
ரெண்டு அறை ஆக்கினோம்.
சுகிர்தா பெரியவளானதும்
இன்னொரு சேலை.

மண்டபம் முகாமுக்குப் பின்னால்
புது வீடுகள் எழும்பிவிட்டன.
எண் எழுத இவரைத்தான் கூப்பிட்டார்கள்,
நாள் கூலிக்கு.
யாருக்கு எது என்ற பட்டியல்
இன்னும் ஒட்டவில்லை.

எழுபத்திரண்டு கதவு.
எல்லாவற்றையும்
நம்முடையது என்றே எழுதினாராம்.

ராத்திரி, டர்ப்பன்டைன் வாடையோடு படுத்து
"நாற்பத்தொன்றில்
குசினி ஜன்னல் கடலைப் பார்த்து இருக்கு" என்றார்.
நான் வாய் திறக்கவில்லை.

சேலைக்கு அந்தப் பக்கமிருந்து
தூங்காத குரல்:
"உள்ளுக்குத் தாழ்ப்பாள்
இருக்கா அப்பா?"