மூன்றிலிருந்து இரண்டுக்கு

வண்டி வந்து ஐம்பது நாள் ஆகிறது.
சீட்டின் பாலித்தீனை இன்னும் கழற்றவில்லை,
உட்கார்ந்தால் முனகுகிறது.

நாகலூரில் தொட்டிகளை ஏற்றுவோம்.
அறுபது சில்வர் ஓக், நாற்பது ரோஜா,
ஐந்து ரோட்டுக் கடைக்கென்று தனியாக
எட்டு ஹைட்ரேஞ்சியா, முன்வரிசையில்.
இருபதாவது வளைவில் இறக்கம் தொடங்கும்.
பிரேக்கைத் தொட்டதும்
மூன்றிலிருந்து இரண்டுக்குக் கியர் தானே விழும்.
விழும் என்றால், விழும்.
இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறதென்று நினைத்து
இல்லாத இடத்தில் காலை வைப்போமே, அப்படி.
பின்னால் ஒரு தொட்டி சாயும்.
பத்தொன்பதில் இன்னொன்று.
பதினேழில் இருதயராஜ் "ஏசுவே" என்பார்.
அடிவாரம் வருவதற்குள்
பதினோரு ரோஜா மண்ணைக் கக்கியிருக்கும்.

ஆட்டோமேட்டிக் வாங்கியதே
அவருடைய இடது முட்டிக்காகத்தான்.
தையல் பிரித்த அன்று டாக்டர் சொன்னார்:
கிளட்ச் இனி ஆகாது.
இருபத்தெட்டு வருஷம் மினி லாரி மிதித்த கால்.
வேலை போனது அதற்கு இன்னும் தெரியாது.
வளைவுக்கு வளைவு தரையை அமுக்குகிறது,
புது மேட்டில் அந்த இடம் மட்டும்
வழுக்கையாய்ப் பளபளக்கிறது.

கொண்டலாம்பட்டி சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை.
முதல் முறை,
"புது வண்டி அப்படித்தான் மேடம்."
இரண்டாம் முறை வயரைச் செருகிப் பார்த்து,
"கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் காட்டவில்லை."
எழுபத்திரண்டு தவணை, தம்பி,
அதில் காட்டுமா என்றேன்.
காபி கொடுத்தார்கள்.
மலையிலிருந்து இறங்கி வந்தவளுக்கு அந்தக் காபி!

மூன்றாம் முறை கோகுலகண்ணன் என்றொரு பையன்
பக்கத்தில் ஏறி உட்கார்ந்து
குரும்பப்பட்டி வரை வந்தான்.
வழியெல்லாம் பேசவில்லை,
என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு கேட்டான்:
"அக்கா, இதை வேற யாரும் ஓட்டுறாங்களா?"
ஒரு நாள் நான், ஒரு நாள் அவர்.
"அதான்."

உள்ளே இருக்கும் பெட்டி கால்களைப் படிக்குமாம்.
எப்போது மிதிப்போம், எப்போது விடுவோம்,
எல்லாம் கணக்கு வைத்துக்கொள்ளுமாம்.
இருதயராஜ் வளைவுக்கு வெகுமுன்பே
வட்டி கட்டுவதுபோல்
கொஞ்சம் கொஞ்சமாய் பிரேக் பிடிப்பார்.
நான் வளைவின் முகத்தில் வந்து
அசலை ஒரேயடியாய் அடைப்பேன்.
பாவம், அது என்ன செய்யும்?
இரண்டையும் கூட்டி வகுத்து
எங்களில் யாருமே ஓட்டாத ஓர் ஓட்டத்தை
ஒழுங்காய்ப் பழகி வைத்திருந்தது.

"படிச்சதை அழிச்சுடறேன்.
ஐந்நூறு கிலோமீட்டர் ஒருத்தரே ஓட்டுங்க."

ஒருத்தர் என்றால்
எந்த ஒருத்தர் என்று அவன் சொல்லவில்லை.
அவர் சாவியை டாஷ்போர்டில் வைத்தார்.
என் பக்கமாய் வைத்தாரா, சும்மா வைத்தாரா,
இதுவரை நான் கேட்கவில்லை.
சுற்றிப் போய் இடது கதவைத் திறந்து
முட்டியைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார்.
கோரிமேடு வரும்வரை
சாகோ ஆலை மாவு வாடையைப் பற்றி மட்டும் பேசினோம்.

ஐந்நூறு முடிய இன்னும் எண்பது பாக்கி.
இன்று மழை விட்ட காலை, முழு லோடு.
ஒன்பதாவது வளைவில் எதிரே பஸ்,
ஹாரனிலிருந்து கையெடுக்காமல் ஏறி வருகிறான்.
நான் பிரேக்கில் காலை வைக்கிறேன்.
பக்கத்து சீட்டில் அவருடைய இடது கால்
இல்லாத கிளட்சை அமுக்குகிறது.
அதே நொடியில்
மூன்று இரண்டாகிறது.

உதை இல்லை.
மீட்டரில் எண் மாறியதைப் பார்த்துத்தான் தெரிந்தது.
கண்ணாடியில் ரோஜாக்கள்
எதுவும் நடக்காததுபோல் நிற்கின்றன.

அவர் தன் காலைப் பார்த்தார்,
பிறகு என்னை.
தான் மாற்றிய கியர் என்பதுபோல் ஒரு முகம்.

எட்டாவது வளைவு வருகிறது.
"இப்ப" என்கிறேன்.