ஃப்ரிட்ஜா, நானா

விடிவதற்குமுன் ஓர் உறுமல்.
"ஃப்ரிட்ஜா, நானா?" என்பேன்.
ஸ்டைனர் எழுந்துபோய்
அதன் கதவில் உள்ளங்கை வைத்துப் பார்த்துவிட்டு
"நீதான்" என்பான்.
ஐந்து வருடமாக இதுதான் எங்கள் காலை வணக்கம்.

கிறிஸ்டியான்சுன்ட் துறைமுகத்தில்
உப்புமீன் கிட்டங்கியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன்.
ஒரு மார்ச் மதியம் இடது காது அடைத்தது.
தரை எழுந்து என்மேல் சாய்ந்தது.
உப்பு மூட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு
இரண்டு மணிநேரம் வாந்தியும் நானுமாய்க் கிடந்தேன்.
மேலாளர் ஆர்ன்ஃபின் குனிந்து
முதலில் என் மூச்சை முகர்ந்து பார்த்தார்.
இப்போது உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிறேன்.
சக்கரம் வைத்த எதையும் தொடக்கூடாதாம்.

ஊரே உப்பில் பிழைக்கிறது,
எனக்கு நாளைக்கு ஒன்றரை கிராம்.
சப்பென்ற உருளைக்கிழங்கைக் கடனே என்று விழுங்கிவிட்டு
ஒருநாள், யாரும் பார்க்காதபோது,
என் வேலைக் கோட்டின் காலரை நக்கினேன்.

மோல்டே மருத்துவமனைக்குக் கடலடிச் சுரங்கம் வழியே போகவேண்டும்.
இறக்கத்தில் வலது காது டப்பென்று திறக்கும்.
இடது வாயே திறக்காது.

டாக்டர் குன்வோரின் மேசையில் ஒரு பிளாஸ்டிக் காது.
கழற்றினால் கையில் ஒரு நத்தை வரும்.
"இதற்குள் ஒரு சொட்டுக் கடல்" என்றார்,
"உங்களுக்கு அது கரை மீறுகிறது."
மாத்திரையைத் தொடரலாம்,
மாத்திரைக்குக் கேட்கிற கட்டம் தாண்டிவிட்டது.
செவிப்பறை வழியே ஸ்டீராய்டு ஊசி போடலாம்.
அதற்கும் மசியாவிட்டால் இன்னொரு ஊசி:
சமநிலை பார்க்கும் மயிரிழைகளைக் கொல்லும்,
பக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பவையும் சாகலாம், சிலருக்கு.
எத்தனை பேருக்கு?
"சிலருக்கு" என்றார் மறுபடி.
அதற்கப்புறம் கத்திதான்.
நத்தையை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

வெளியே அவெரோயாக்காரர் ஒருவர், ஊசி போட்டுக்கொண்டவர்.
"ஒரு மாதம் வாத்துநடை. அப்புறம் பழகிவிடும்.
ஒன்றரை வருடமாய் ஒருமுறைகூடச் சுற்றவில்லை.
இருட்டில் மட்டும் ஒரு சுவர் வேண்டும்."
டிசம்பரில் எங்கள் பக்கம்
எத்தனை மணிக்கு இருட்டும் என்று
அவரிடம் நான் சொல்லவேண்டியதில்லை.

மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
ஸ்டைனர் நடுவில் கோடு கிழித்தான்.
லாபம் இந்தப் பக்கம், நஷ்டம் அந்தப் பக்கம்.
"ஊசியே போட்டுவிடலாம். அந்தக் காதில் இனி என்ன மிச்சம்?"
"கொஞ்சம்" என்றேன்.

சொல்லாமல் விட்டது:
கனத்த ஒலிகள்தான் முதலில் போயின.
உன் குரல் அந்தக் காதைவிட்டுப் போய் மூன்று வருடம்.
கடற்காகம் கேட்கிறது. கரண்டி விழுவது கேட்கிறது.
நீ திரும்பிப் படுக்கையில்
தலையணையில் உன் தாடி உரசுவது கேட்கிறது.
அதை எந்தப் பக்கம் எழுதுவாய்?

நேற்றுப் புயலில் மின்சாரம் போயிற்று.
ஃப்ரிட்ஜ் நின்றது.
நான் நிற்கவில்லை.
ஒத்திகை பார்த்துவிடலாமென்று எழுந்தேன்.
கட்டிலிலிருந்து சமையலறைக்குப் பதினோரு அடி,
விரல்நுனியில் குதிகால் ஒட்டி, விரல்நுனியில் குதிகால் ஒட்டி.
ஆறாவதில் சுவரைத் தேடிய கைக்கு
ஆணியில் தொங்கிய கோட்டு அகப்பட்டது.
அதைக் கட்டிக்கொண்டு நின்றேன்.
உப்பு வாசம். மீதி ஐந்து அடி.

"விழுந்துவிட்டாயா?" என்று
வலது காதில் அவன்.

காலையில் மோல்டேக்குப் போன் போட்டேன்.
ஊசிக்குத் தேதி வேண்டுமா என்றாள் ஒரு பெண்.
சும்மா கேட்டு வைக்கிறேன் என்றேன்,
போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டு.
தகரத்தில் மழைபோல வந்தது அவள் குரல்.
ஜனவரியா, பிப்ரவரியா,
சரியாகக் காதில் விழவில்லை.
இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.