விடுவித்த பின்

சைகியா இந்த வீட்டைக் காலி செய்து பதினோரு மாதம்.
பார்சல்கள் இன்னும் அவர் பெயரில்
பெங்களூரு கக்கதாசபுராவின்
இதே மூன்றாம் மாடிக்குத்தான் வருகின்றன.
ஒருமுறை தூக்கக் கலக்கத்தில்
"சைகியாவா?" என்றவனிடம் "ஆமாம்" என்றுவிட்டேன்.
மூங்கில் குருத்து ஊறுகாய்.
தின்றும்விட்டேன்.

ஆகவே இந்தப் பிழை எனக்குப் புரியும்.

கெர்னலில் ஒரு துண்டு நினைவகம்.
வேலை முடிந்தது, விடுவித்தாயிற்று,
அதே இடம் வேறொருவருக்குக் குடிபோயிற்று.
பழையவர் முடுக்கிவிட்டுப் போன டைமர் மட்டும்
எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது.
நேரம் வந்ததும்
பழைய முகவரியில் வந்து கதவைத் தட்டும்.
உள்ளே இருப்பவர் அப்பாவி என்றால்
இயந்திரம் செத்து விழும், அவ்வளவுதான்.
இதற்காகவே குடிவந்தவர் என்றால்
"ஆமாம், நான்தான்" என்பார்.
அதன் பிறகு வீடு மட்டுமா,
தெருவே அவருடையது.

ஒன்பது வருடமாக அந்த வரிகள் அங்கேயே இருந்திருக்கின்றன.
போன மார்ச்சில் அவற்றுக்கு இரண்டு வரி மேலே
ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுத்
திருப்தியாக டீ குடிக்கப் போனவள் நான்.

எட்டு நாள் அது என் கண்ணில் சிக்கவில்லை.
ஒன்பதாம் இரவு
கீழே தண்ணீர் லாரி ஹார்ன் அடிக்க,
பைப்பை இழு, இழு என்று
ஹவுஸ் ஓனர் ரேவண்ணா கன்னடத்தில் கத்த,
விழுந்தது.
திரை முழுக்கப் பதினாறடிமான எண்கள்.
நான் கைதட்டினேன்.
செத்த இயந்திரத்துக்குக் கைதட்டுகிற பிழைப்பு.

திருத்தம் என்று பார்த்தால் ஒரே வரி.
விடுவிக்கும் முன் டைமரை நிறுத்து.
நிறுத்தினால் போதாது,
ஏற்கெனவே புறப்பட்டுப் போனது
வேலை முடித்து ஓயும்வரை
நில்.
முன்பு எழுதியவரும் நிறுத்தத்தான் செய்திருந்தார்.
நிற்கவில்லை.

இப்போது நாற்பது மணி நேரமாகச் சோதனை ஓடுகிறது.
எதுவும் நடக்கவில்லை.
எதுவும் நடக்காததை
இவ்வளவு உற்று நான் பார்த்ததே இல்லை.

காலிங் பெல்.
ஹெல்மெட் கழற்றாத முகம், கையில் அட்டைப்பெட்டி.
"சைகியா?"

ஒரு நிமிஷம் நில்லுங்கள் என்று
போனில் அவர் எண்ணைத் தேடுகிறேன்.
என்னிடம் இல்லை.
ரேவண்ணாவிடம் கேட்க வேண்டும்,
அவரோ இந்நேரம் தூங்கியிருப்பார்.
பெட்டியிலிருந்து
லேசாகப் புளிப்பு வாசம்.