வராத செக்

உலர்த்தியின் முள் நூற்றுப்பத்தில் நிற்க,
ஏழாவது தூணுக்கும் சாக்கு அடுக்குக்கும் நடுவே
போனைச் சாய்த்துவைக்கிறேன்.
இந்தத் தேயிலைத் தொழிற்சாலையில்
சிக்னல் எட்டிப்பார்க்கும் ஒரே இடம்.
கோத்தகிரி மேல் பனி இறங்கினால் அதுவும் இல்லை.

எங்கோ ஒரு கடலோர ஊர். அங்கே இன்னும் சாயங்காலம்.
தாடிக்காரர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாயிற்று.
எதிரே ஒரு பையன்.
ஆரஞ்சை உரித்துச் சுளைகளை வரிசையாக வைக்கிறான்,
தின்பதில்லை.

இவர்களுக்கு நான் யார்?
புதிர்களில் என் மதிப்பு ஆயிரத்து நானூற்று முப்பது.
முந்தாநாள் அது முப்பத்தெட்டு.
மூன்று நகர்வில் மேட் என்று போட்டிருந்தால்
முதலில் ராணியைக் கொடுத்துப் பார்ப்பேன்.
பத்தில் ஆறு தடவை பலிக்கும்.
மற்ற நான்கில் ராணி போனதுதான் மிச்சம்.

ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பாருக்குக் காத்திருக்கையில்,
மேசைக்கு அடியில் ஒன்றைத் தீர்த்தேன்:
சொந்த சிப்பாய்களே நெருக்கி நிற்க
மூச்சுவிட இடமில்லாத ராஜா,
வேலி தாண்டி வந்து நின்ற குதிரை.
வாய்விட்டு ‘அடடா’ என்றுவிட்டேன்.
பரிமாறியவர் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார்.

பத்து நாற்பதுக்குத் தாடிக்காரர் யோசிக்கத் தொடங்கினார்.
பத்து நாற்பத்தைந்துக்குப் பனி வந்தது.
படம் உறைந்தது. கன்னத்தில் கை, பாதி மூடிய கண்.
பலகை மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

இனி நானும் வெள்ளை.
யானையால் சிப்பாயை எடுக்கலாம்,
எடுத்தால் மந்திரி குறுக்கே வரும்.
குதிரையைக் கொடுக்கலாம்,
கொடுத்தால் சுவர் பிளக்கும், ராணி நுழைவாள்,
ஐந்து நகர்வு தெளிவாகத் தெரிகிறது,
ஆறாவதில் மூடுபனி.

“அண்ணே, பெல்ட்டை ஓட்டட்டுமா?” ஹாலன் கத்துகிறான்.
நொதித்த இலையின் பச்சை வாடை போய்
வெல்ல வாசம் வந்திருக்கிறது.
“ஓட்டு. குதிரையைக் கொடுத்துடலாம்.”
“யாருக்கு?”

அவருக்கும் நாற்பது நிமிஷம், எனக்கும் நாற்பது.
உலகத்தில் வேறெதிலும் நாங்கள் சமமில்லை.

பனி விலகியபோது
ராஜாவை ஒரே ஒரு கட்டம்
மூலைக்குத் தள்ளியிருந்தார்.
அவ்வளவுதான்.
நாற்பது நிமிஷத்தில் ஒருமுறைகூட
என் கண் போய்த் தொடாத காய்.

முதலில் கோபம்தான் வந்தது,
சினிமா பார்க்க உட்கார்ந்தவனுக்கு
நாற்காலி துடைத்துக் காட்டியதுபோல.

பதினோரு நகர்வுகள் கழித்து, நள்ளிரவுக்குச் சற்று முன்,
பையனின் ராணி சாய்வாகப் பாய வந்தாள்.
பாய அங்கே ராஜா இல்லை.
விழுந்திருக்கவேண்டிய செக் விழவேயில்லை.
அந்த ஒரு மூச்சு இடைவெளியில்
தாடிக்காரரின் சிப்பாய் ஒன்று
கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது.
பையன் ஒரு சுளையை எடுத்துத் தின்றான்.
பிறகு கை நீட்டினான்.

சாக்குகளுக்கு நடுவே தனியாகச் சிரித்தேன்.
என் குதிரையைக் கணினியிடம் கேட்டேன்.
தோல்வி, ஆறாவது நகர்வில்.
சரியாக அந்த மூடுபனியில்.

விடிகாலை ஐந்தரை. ஷிஃப்ட் முடிந்து இறங்குகையில்
தோட்டத்து வளைவில் ஒரு காட்டெருமை.
கூட்டம் இல்லாத ஒற்றை.
அதற்கு ஈடான காய் எந்தப் பலகையிலும் கிடையாது,
எந்தப் பக்கம் நகரும் என்று விதியும் கிடையாது.
வெள்ளைக் காலுறை போட்ட கால்களை ஊன்றி
பார்த்துக்கொண்டே நின்றது.
என்னுடைய நகர்வு போலிருந்தது.

பம்ப் அறைப் பக்கம் ஒரே ஒரு எட்டு,
மூலைக்கு.

அது புஸ்ஸென்று மூச்சுவிட்டு
ஓடைப்பக்கம் இறங்கிப் போயிற்று.
நான் நகராவிட்டாலும் அப்படியே போயிருக்கலாம்.
இதை யாரிடம் சரிபார்ப்பது?

வீட்டுப் படியில் செருப்பைக் கழற்றுமுன்
இன்னும் ஒரு புதிர். கறுப்பு ஆட்டம்.
ராணியைக் கொடுத்தேன்.
ஆயிரத்து நானூற்று இருபத்திரண்டு.