பதினாறடிக் குழல்

சனிக்கிழமை மதியம் தேவாலயத்தின் திறப்பு என்னிடம் இருக்கும்.
வாளி, துணி, தேன்மெழுகு டப்பா.
முப்பத்திரண்டு வாங்குகள், ஒரு பிரசங்க மேடை,
ஞாயிறுக்கான பாட்டு எண்களை மாட்டும் கறுப்புப் பலகை.
மூன்றுகள் போதாது. ஒன்று தொலைந்துபோய்,
எட்டை அறுத்து யாரோ மூன்று செய்துவைத்திருக்கிறார்கள்.

ட்ரூப்ஷாகனில் எனக்கு இது நாலாவது வேலை.
மணிக்கணக்குக்குக் காசு. கடவுள் கணக்கில் இல்லை.
ஆறு வயதுக் காய்ச்சல் இடக்காதைக் கொண்டுபோனது.
மிஞ்சியதை
ரயில் அறிவிப்புக்கும் முதலாளிமாருக்கும் சேமித்தேன்.
பாட்டுக்குக் கொடுக்க மிச்சமில்லை.

மூன்று மணிக்கு ரேகுலா வருவாள். மாட்டு வைத்தியர்.
ரப்பர் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுக்
கம்பளிக் காலுறையோடு ஓர்கன் மிதிகட்டைகளில் ஏறுவாள்.
தொழுவ வாடையும் கூடவே வரும்;
என் மெழுகு வாசம் தோற்றுப்போகும்.

மார்ச் கடைசியில் ஒருநாள் பிந்தி வந்தாள்.
தலை திரும்பிக் கிடந்த கன்று.
முழங்கைவரை கழுவியும் நகக்கண்ணில் சிவப்பு.
"ரெண்டும் உயிரோட," என்றாள் நான் கேட்காமலே.
மேலே போய் உட்கார்ந்து
பலகையில் நான் மாட்டியிருந்த முதல் எண்ணை வாசித்தாள்.

ஏழாவது வாங்கு.
துணிக்குள் என் கை நடுங்கியது.
பயந்து எடுத்தேன்.
மறுபடி வைத்தேன்.
மரம் பேசிக்கொண்டிருந்தது.

"அது பதினாறடிக் குழல்!" மேலிருந்து கத்தினாள்.
"இந்த மலை மரத்தில் செய்தது.
பாதி காதுக்கு எட்டாது, எலும்புக்குத்தான்."

செவிட்டுக் காதைப் பலகையில் ஒட்டிப் படுத்தேன்.
முப்பத்தெட்டு வருஷம் பூட்டிக் கிடந்த அறை.
உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

புத்தகத்தில் அந்த எண்ணைத் தேடினேன்.
ஃப்ரொய்ட. மகிழ்ச்சி.
மொழி வகுப்பில் வாக்கியத்தில் அமைக்கச் சொன்ன சொல்;
'சம்பள நாளில் எனக்கு ஃப்ரொய்ட' என்றெழுதிச் சரி வாங்கியிருந்தேன்.
இங்கே முதல் அடியில் எழுவாய் ஓர் ஓடை.
அடுத்த அடியில், கல்லறை வாசலைவிட்டு உருண்ட ஒரு கல்.
ஓடைக்கும் கல்லுக்கும் ஒரே பயனிலை.

"என்ன, வேதக்காரியாகப் போறியோ?"
தவராசா சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.
பிள்ளையாருக்குப் பூ வைப்பது அவர்தான்;
நான் வைத்த நாள் ஞாபகமில்லை.
"தெரியாது" என்றேன்.
பொய். பருப்பு அடிப்பிடித்தது.

பிறகு தொட்டுப் பார்க்கும் பைத்தியம் பிடித்தது.
தெற்குச் சூடுகாற்று இறங்கும்போது லார்ச் மரத்தின் தண்டு.
வேலிக் கம்பி.
கெர்பரின் தேனீப் பெட்டி, அதன் பக்கப் பலகை:
பனிக்காலம் முழுக்கக் கட்டிப்பிடித்து நின்றவை
உள்ளே ஒரே சுருதியில்.
பனி உருகி இல்ஃபிஸ் ஆறு பெருகிய காலையில்
பாலத்துக் கைப்பிடி இரும்பிலும் அதே அடிக்குழல்,
யாரும் மிதிக்காமலே.

யாரும் மிதிக்காமலே என்றுதான் நினைத்தேன்.
அந்த நினைப்பில் அதற்குமேல் நிற்க முடியவில்லை.
"இயேசுவே" என்றேன்.
பேர் சொல்லிக் கூப்பிட்டால் 'ஓம்' என்போமே,
அந்தக் குரலில்.

பால் லொறி கடந்துபோனது. ஓட்டுநர் கை காட்டினார்.
மூக்கைத் துடைத்த கையாலேயே நானும் காட்டினேன்.
சிரித்தேனா அழுதேனா, அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?
ஆற்றங்கரை அல்டர் மரங்களில் சிட்டுகள்
ஒன்றின் பாட்டில் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டிருந்தன.

ஜெபிக்க இன்னும் தெரியாது.
ஞாயிறுகளில் சுருதி தவறித்தான் பாடுகிறேன்;
முன்வாங்கு கெர்பர் திரும்பிப் பார்ப்பார்,
பிறகு என் பிழைக்குக் கொஞ்சம் இடம்விட்டுத் தாழப் பாடுவார்.

சனிக்கிழமைகளில்
அறுத்த எட்டைப் பலகையில் மாட்டுகிறேன்.
மறுநாள் எல்லோரும்
அதை மூன்றென்றே எடுத்துப் பாடுகிறார்கள்.